இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்

அம்மாவை எல்லோரும் கட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த ஒப்பந்தக்காரர் ஒருவரும் கட்டக்கா என்பார். அவருடைய பேரனும் கட்டக்கா என்பான். கட்டம் போடுகிற அக்கா. அவ்வளவுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதை.

சரியாகச் சொன்னால் அவள் கட்டம் போடுகிறவள் இல்லை. மற்றவர்கள் போட்டுக் கெடுத்ததைச் சரிசெய்கிறவள். வேர்டில் அட்டவணை போடத் தெரியாதவர்கள் நிறையப் பேர். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம். அம்மாவுக்கு வேலை கொடுத்தது இந்த இரண்டாவது கூட்டம்.

தொலைபேசியில் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான் வளர்ந்தேன்.

"அக்கா, டேபிள் பக்கத்தை விட்டு வெளிய போகுதுக்கா."

"எங்க போகுது? பஸ் ஏறிப் போகுதா?"

"வலது பக்கமாக்கா."

"அப்போ பெருசா ஒண்ணும் இல்ல. அனுப்பு. ஆனா நீ கையை வெச்சுடாதே. நீ இழுத்து விட்டேன்னா அப்புறம் நான் ரெண்டு நாள் அழணும்."

ஒவ்வொரு கோளாறுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. ஓரத்தைத் தாண்டி நிற்கும் அட்டவணை 'எட்டிப் பார்க்கிறது'. அடுத்த பக்கத்துக்குப் போகும்போது தலைப்பு வரிசை வராவிட்டால் அது 'முண்டம்'. ஒரு கட்டத்துக்குள் யாரோ இன்னொரு அட்டவணையை ஒட்டிவிட்டால் 'குட்டி போட்டிருக்கு'. அட்டவணையே இல்லாமல் இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி வரிசை கட்டியிருந்தால், அதற்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. "என் பழைய பாவம், என்கிட்டயே திரும்பி வந்திருக்கு" என்பாள்.

ஏனென்றால் அந்தப் பாவத்தை அவளே செய்திருக்கிறாள். ஒரு நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சர். தட்டச்சுப் பொறியில் அட்டவணை என்றால் கணக்கு: ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமான சொல்லை எண்ணி, எல்லாவற்றையும் கூட்டி, வரியின் நீளத்திலிருந்து கழித்து, மிச்சத்தை இடைவெளியாகப் பங்கிட வேண்டும். காகிதத்தைச் சொருகும் முன்பே அட்டவணை அவள் தலையில் முடிந்திருக்கும். பிறகு கணினி வந்தது. அதே கணக்கை அதிலும் போட்டாள். திரையில் நேராக நின்றது, தாளில் சாய்ந்தது. பழைய பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், புதியதில் அப்படி இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதிகாரி அந்தத் தாளை நடு அறையில் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, தண்ணி போட்டவன் மாதிரி நிக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து மூன்று வாரம், மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் திரும்பி வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள். மறைந்திருக்கும் குறிகளையெல்லாம் காட்டும் பொத்தானை ஒரு வியாழக்கிழமை கண்டுபிடித்தாளாம். "உள்பாவாடை வரைக்கும் தெரிஞ்சுடுச்சுடி" என்று என்னிடம் சொன்னாள். அப்போது எனக்குப் பத்து வயது. பல நாள் எனக்கு அது புரியவில்லை.

வேலையில் இருந்தபோதே மாலை நேரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளைச் சரிசெய்துகொடுக்கத் தொடங்கிவிட்டாள். ஓய்வு பெற்ற பின் வீட்டின் முன்னறைதான் அவள் அலுவலகம். ஒரு மேசை, ஒரு அச்சுப்பொறி, இரண்டு நாற்காலி. வாடிக்கையாளரின் நாற்காலி மேசையிலிருந்து தள்ளி இருக்கும். அங்கிருந்து கை நீட்டினால் மவுஸ் எட்டாது. வேண்டுமென்றே அளந்து போட்டது.

இரண்டு விதிகள் வைத்திருந்தாள். ஒன்று, எழுத்தைத் தொடமாட்டாள். கூட்டுத் தொகை தப்பாகத் தெரிந்தாலும் திருத்தமாட்டாள். அச்செடுத்த தாளில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, உரியவர் வரும்போது கேட்பாள். "எழுத்து உன்னோடது. கட்டம் என்னோடது." இரண்டு, பழைய பிரதியை வைத்துக்கொள்ளமாட்டாள். திருத்தியதைச் சேமித்த உடனே முந்தையதை அழித்துவிடுவாள். "ரெண்டு ஃபைல் இருந்தா ஒண்ணு பொய் சொல்லும்" என்பாள். ஒரு முறை தவறான பிரதியை அச்சுக்குக் கொடுத்து அவமானப்பட்டதிலிருந்து இப்படி.

நான் தகவல் சேமிப்பு நிறுவனத்தில் பொறியாளர். மற்றவர்களின் கோப்புகள் தொலைந்து போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மாவின் இரண்டாவது விதியைக் கேட்டால் என் மேலாளருக்கு மயக்கம் வரும்.

அவள் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

"இதையெல்லாம் தானா செய்யற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்மா. ஒரு நிமிஷம் ஓட்டினா எல்லா டேபிளும் சரியாகிடும்."

"ஆயிட்டா அப்புறம் நான் என்ன பண்ணட்டும்? உங்கப்பா கூட உக்காந்து பேசட்டுமா?"

சமையலறையிலிருந்து அப்பா குரல் வரும். "எனக்கும் அதுல விருப்பம் இல்ல."

அப்பா பேருந்து ஓட்டியவர். ஓய்வுக்குப் பின் அம்மாவின் வெளிவேலைகள் அவருடையவை. அம்மாவுக்கு முழங்கால் வலி. பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது அவர்தான்.

அம்மா ஒரு சனிக்கிழமை போனாள். காலை பதினொரு மணிக்கு முதுகு வலிக்கிறது என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் இருந்தாள். ஒன்றே கால் மணிக்கு அப்பா எனக்குப் போன் செய்தார். நான் ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

புதன்கிழமை காலை, அம்மாவிடம் வேலை கொடுத்திருந்த நர்ஸ் ஒருவர் வந்தார். சீருடையிலேயே வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"கேக்கவே கூச்சமா இருக்கும்மா. நாலு நாள் கூட ஆகல. நான் வந்து நிக்கறேன்."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"அக்காகிட்ட என் ஃபைல் இருக்கு. திங்கட்கிழமை நாலு மணிக்குக் கடைசி."

பச்சிளங்குழந்தை வார்டில் பத்தொன்பது வருடமாக வேலை. வேலைக்கு நடுவே மூன்று வருடமாக மேற்படிப்பு. எடை குறைவாகப் பிறந்த இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றிய ஆய்வு. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கிவிட்டார். மூன்றாவது கிடையாது. திங்கட்கிழமை ஆய்வேடு போகாவிட்டால் பதிவு ரத்து. மூன்று வருடமும் வீண்.

ஆய்வேட்டின் மற்ற பகுதிகளை அம்மா முடித்துவிட்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுப் பிரிவிலும் அவற்றைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தது பின்னிணைப்பு. ஒரே ஒரு நீண்ட அட்டவணை, குழந்தைக்கு ஒரு வரிசை. அது தனிக் கோப்பில் இருந்தது. அம்மா நூற்று நாற்பதாவது குழந்தைவரை சரிசெய்திருந்தாள். அதன் அச்சுப் பிரதி எட்டுத் தாள், பென்சில் குறிகளோடு மேசையில் கிடந்தது.

"எழுபத்திரண்டு வரிசைதான் மிச்சம். நான் முடிச்சுத் தரேன்" என்றேன்.

நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எல்லோரும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அன்று மதியம் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். பார்த்ததும் மனசு உடைந்தது.

அது ஒரு அட்டவணையே இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக வெட்டிய எட்டு அட்டவணைகள். தலைப்பு வரிசை தானாகத் திரும்ப வரும்படி அமைக்காமல், ஒவ்வொரு பக்கத்திலும் கையால் ஒட்டப்பட்டிருந்தது. வரிசைகளின் உயரம் ஆணியடித்த மாதிரி நிலையாக நின்றது. இதையெல்லாம் எந்தப் புத்தகமும் செய்யாதே என்று சொல்லும். அதைவிட மோசம், எண்ணிக்கை. முதல் பக்கத்தில் பதினெட்டு வரிசை. இரண்டாவதில் பதினேழு. மூன்றாவதில் பதினெட்டு. நான்காவதில் பதினாறு. பக்கத்தின் அடியில் இடம் காலியாகக் கிடந்தது. அச்சுத் தாளின் ஓரத்தில் பென்சிலால் சில வரிசைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சின்னச் சின்ன வளைகோடுகள். கடைசிக் கட்டங்களுக்குப் பக்கத்தில் அங்கங்கே கேள்விக்குறி.

இத்தனை வருடம் ஒரு வரிசை பிசகாமல் வேலை செய்தவள். பதினெட்டு, பதினேழு, பதினாறு. அவளுக்குக் கவனம் தப்பிக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தேன். உடம்பு முன்பே சொல்லியிருக்கிறது. வாரம் இரண்டு முறை போன் பேசியும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஸ்கிரிப்ட் எழுதினேன். எட்டுத் துண்டுகளையும் மிச்சத்தையும் ஒட்டி ஒரே அட்டவணை ஆக்கியது. தலைப்பு வரிசை தானாகத் திரும்பியது. நெடுவரிசைகள் எழுத்துக்கு ஏற்றபடி அகலத்தைச் சரிசெய்துகொண்டன. பல்கலைக்கழக விதிமுறையில் எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று இருந்தது. காலிக் கட்டங்களில் ஒரு கோடு போடச் சொன்னேன். முடிந்ததும் அதே பெயரில் சேமிக்கச் சொன்னேன்.

நாற்பது நொடி. திரையில் அழகாக இருந்தது. அச்செடுத்துப் பார்த்தேன், இன்னும் அழகு. அம்மாவிடம் கடைசியாக ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அழுதேன்.

வெள்ளிக்கிழமை நர்ஸும் நானும் ஆய்வேட்டுப் பிரிவுக்குப் போனோம். இரண்டாவது மாடி, கடைசி ஜன்னல். அங்கே உள்ள எழுத்தரை மாணவர்கள் ஸ்கேல் சார் என்பார்கள். ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஓரத்தில் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். தாளோடு வேர்டு கோப்பையும் கொடுக்க வேண்டும். கோப்பைத் தன் கணினியில் திறந்து, தாளும் அதுவும் ஒன்றுதானா என்று பார்ப்பார்.

அவர் கணினி எப்போதோ வாங்கியது. கோப்பு மெதுவாகத் திறந்தது. அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது என்னம்மா?"

எங்கள் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. அது தன்னிடம் இருந்த வேறொன்றைப் போட்டுக்கொண்டது. அந்த எழுத்து பருமன். எழுத்துக்கு ஏற்றபடி அகலத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று நான்தான் நெடுவரிசைகளுக்குச் சொல்லியிருந்தேன். அவை சொன்னபடி கேட்டன. கடைசி நெடுவரிசை தாளைத் தாண்டிப் போயிருந்தது. வரிசைகள் தடித்து, பன்னிரண்டு பக்க அட்டவணை பத்தொன்பது பக்கம் ஓடியிருந்தது. ஒரு குழந்தையின் வரிசை பாதி ஒரு பக்கத்திலும் பாதி அடுத்ததிலும் கிடந்தது.

"எங்க மெஷின்ல நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றேன். என்னிடம் இதைச் சொல்லும் வாடிக்கையாளர்களைப் பற்றி அலுவலகத்தில் நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

"உங்க மெஷினை இங்க கொண்டு வந்து வெச்சுட்டா நானும் பாஸ் பண்ணிடுவேன்" என்றார். "மத்த பகுதியெல்லாம் நறுக்குன்னு இருந்துச்சே. இதை வேற யாராவது பண்ணாங்களா?"

நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அச்சுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நெடுவரிசையில் விரலை வைத்தார். வீட்டுக்குப் போன நாள் என்பது அதன் தலைப்பு.

"இந்தக் கோடு யாரு போட்டது?"

"நான்தான். காலியா விடக்கூடாதுன்னு விதியில இருக்கு."

"எங்க வார்டுல கோடுன்னா, எழுத மறந்துட்டாங்கன்னு அர்த்தம்மா." குரலை உயர்த்தவில்லை. "நான் மறக்கல. அந்தப் பதினோரு பேரும் வீட்டுக்குப் போகல."

ஸ்கேல் சார் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "திங்கட்கிழமை நாலு மணி" என்றார். அதை மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மெஷின்ல இந்த எழுத்து கிடையாது" என்றார். "வேற எழுத்தைப் போட்டு ஊதிடும். மொதல் தடவை நான் கொண்டு போனப்பவே அப்படித்தான் ஆச்சு. வந்து சொன்னேன். அதுக்கப்புறம்தான் உங்கம்மா பக்கம் பக்கமா வெட்ட ஆரம்பிச்சா. வெட்டி, உயரத்தைக் கட்டி, கீழ கொஞ்சம் இடம் விட்டுட்டா ஓடாதுன்னா. அதுலேர்ந்து ஓடவே இல்ல."

"ஏன்ப்பா இதை எங்கிட்ட சொல்லல?"

"நீ இன்ஜினியர். தெரிஞ்சுதான் பண்றேன்னு நினைச்சேன்."

அம்மாவின் கோப்பைத் தேடினேன். இல்லை. அதன் மேல்தான் நான் சேமித்திருந்தேன். முந்தையவற்றை வழக்கப்படி அவள் அழித்திருந்தாள். மீட்கும் வழிகள் எனக்கு ஒன்பது தெரியும். ஒன்பதும் பலிக்கவில்லை. உலகத்தின் கோப்புகளையெல்லாம் காப்பாற்றுகிற நான், அம்மாவின் கடைசி வேலையை நாற்பது நொடியில் அழித்திருந்தேன்.

மிஞ்சியது இரண்டு. நர்ஸின் பென் டிரைவில் அம்மாவிடம் வருவதற்கு முந்தைய கலைந்த கோப்பு. மேசையில் கவிழ்த்து வைத்த எட்டுத் தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நர்ஸ் வந்தார். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார். அப்பா தேநீர் வைத்தார்.

"தூங்கலையா நீங்க?" என்றேன்.

"பத்தொன்பது வருஷமா தூங்கல. இன்னிக்கு ஒரு நாள்ல என்ன வந்துடப் போகுது? ஆரம்பிம்மா."

கையால் செய்வது என்று முடிவு செய்தோம். நர்ஸ் அம்மாவின் தாளைப் பார்த்து, ஒவ்வொரு பக்கமும் எந்தக் குழந்தையோடு முடிகிறது என்று படிக்க வேண்டும். நான் அங்கே வெட்டி, தலைப்பை ஒட்டி, உயரத்தைக் கட்ட வேண்டும். அப்பா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், எதற்கு என்று தெரியாமலே.

"மொதப் பக்கம் பதினெட்டு. ரெண்டாவது பக்கம் முப்பத்தஞ்சோட முடியுது."

"அங்க இன்னொரு வரிசைக்கு இடம் இருக்கு" என்றேன். "அம்மா கவனிக்காம விட்டிருப்பா. முப்பத்தாறையும் சேர்த்துடறேன்."

"இரு." நர்ஸ் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அடுத்த தாளை எடுத்தார். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தார். "முப்பத்தாறும் முப்பத்தேழும் ரெட்டை."

"என்ன?"

"ரெட்டைப் பிள்ளைங்கம்மா. இங்க பாரு, தாயோட பதிவு எண் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆறு நிமிஷ வித்தியாசம். முப்பத்தாறை அங்க சேர்த்தா ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் போயிடும்."

வளைகோடு அந்த இரண்டு வரிசைகளையும் அணைத்துக்கொண்டிருந்தது. நான்காவது தாளை எடுத்தேன். பதினாறு வரிசை. அறுபத்தொன்பதோடு முடிகிறது. அடுத்த தாளின் உச்சியில் எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. வளைகோடு மூன்றையும் பிடித்திருந்தது.

"இது மூணு" என்றார் நர்ஸ். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூணு பொண்ணு."

"அம்மாகிட்ட இப்படிப் பண்ணச் சொன்னீங்களா?"

"நான் எதுவுமே சொல்லலையே. டேபிள் நேரா நிக்கணும்னுதான் சொன்னேன்."

அம்மாவின் கவனம் தப்பவில்லை. பதிவு எண் நெடுவரிசையை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். அதுவும் கேட்டவர் இல்லாமல், பார்க்கப் போகிறவர் இல்லாமல். எழுந்து முற்றத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்பா என் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்திருந்தார்.

"எந்திரிங்கப்பா."

"சும்மா புடிச்சுட்டுதான் இருந்தேன். ஓடிடக்கூடாதுல்ல."

நூற்று நாற்பதுவரை அம்மாவின் தாள் வழிகாட்டியது. அதற்கு மேல் நாங்களே பார்க்க வேண்டியிருந்தது. நர்ஸ் பதிவு எண்களைப் படித்தார். அப்பா காகிதத்தில் எழுதிக்கொண்டு, ஒரே எண் திரும்ப வந்தால் "நிறுத்து" என்றார். நாற்பது வருடம் மணி அடித்தால் வண்டியை நிறுத்தியவர், இப்போது அவரே மணி. மிச்சமிருந்த எழுபத்திரண்டு வரிசைகளில் ஆறு இரட்டைகள். அவற்றில் ஒன்றுதான் பக்க முடிவில் மாட்டியது. அங்கே ஒரு வரிசை இடத்தைக் காலியாக விட்டேன். சனிக்கிழமை மாலைக்குள் பன்னிரண்டு பக்கமும் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கேள்விக்குறிகளுக்கு வந்தோம். அம்மாவின் எட்டுத் தாள்களில் ஏழு கேள்விக்குறி. கடைசித் தாளின் அடியில் அவள் கையெழுத்தில்: காலியாக விடலாமா, என்ன எழுதுவது? அவளிடம் கேட்க வேண்டும்.

"கேக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க" என்றார் நர்ஸ். "எங்கிட்ட கேக்கவே இல்ல."

"கேக்கறதுக்குள்ள போயிட்டா" என்றார் அப்பா.

நர்ஸ் அந்தப் பென்சில் வரியை மறுபடி படித்தார்.

"நான் ஏன் காலியா விட்டேன்னா..." என்று ஆரம்பித்தார் நர்ஸ். பிறகு நிறுத்தினார். "வார்டு நோட்டுல எழுதியாச்சு. இறப்புப் பதிவேட்டுல எழுதியாச்சு. இங்கயும் ஒரு தடவை அந்த வார்த்தையை எழுதணுமான்னு இருந்துச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். மூணு வருஷமா அப்புறம்தான்."

"காலியாவும் விட முடியாது, கோடும் போட முடியாது" என்றேன். "வாங்கமாட்டாங்க."

"எத்தனை நாள் இருந்தாங்கன்னு எழுதலாமா? பக்கத்துல ஒரு நட்சத்திரம். கீழ ஒரு குறிப்பு."

"எழுதலாம். தலைப்பைக் கொஞ்சம் மாத்தணும். 'வார்டில் இருந்த நாட்கள்'னு. மத்தவங்களுக்கும் அந்த எண் உங்ககிட்ட இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன். எழுத்து அவருடையது. நர்ஸ் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்களையும் தன் நோட்டைப் பார்த்து ஒற்றை விரலால் தட்டினார். மூன்று மணி நேரம் ஆயிற்று. 41. 28. 63. பதினொரு இடத்தில் விரல் நின்று, பிறகு தட்டியது. 2*. 9*. 1*. கடைசிப் பக்கத்தின் அடியில் குறிப்பை எழுதினார்: வீடு திரும்பவில்லை.

"அந்த ஒன்பது நாள் புள்ள" என்றார், திரும்பாமலே. "என் விரலைப் புடிச்சா விடாது. வேலை ஓடாது. அக்காகிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி அந்தக் கடைசி ஜன்னல். ஸ்கேல் சார் கோப்பைத் திறந்தார். எழுத்து ஊதியது. வரிசைகள் அசையவில்லை. பன்னிரண்டு பக்கம் பன்னிரண்டு பக்கமாகவே இருந்தது. அவர் மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு தாளை எடுத்து அளவுகோலை வைத்தார். முதல் பக்கம் சரி. இரண்டாவது பக்கத்தில் நின்றார்.

"இங்க ஏன் இவ்வளவு இடம்? இன்னொரு வரி பிடிக்குமே. பக்கம் முழுசா நிரம்பணும்னு விதி இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். நர்ஸ் முந்திக்கொண்டார்.

"பிடிக்கும் சார். ஆனா அடுத்தது ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு ஆகக்கூடாதுன்னு விட்டிருக்கு."

அவர் பக்கத்தைத் திருப்பினார். முப்பத்தாறிலும் முப்பத்தேழிலும் பதிவு எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். நான்காவது பக்கத்தில் மறுபடி நின்றார். அளவுகோல் அந்த வெள்ளை இடத்தின் மேல் இருந்தது.

"அப்போ இது?"

"அது மூணு சார்."

"நாலு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் விசாரிச்சுட்டே இருக்க முடியாது."

"இல்ல சார். மூணோட சரி."

மிச்சப் பக்கங்களை அளவுகோல் இல்லாமலே திருப்பினார். கடைசிப் பக்கத்தின் குறிப்பைப் படித்தார். முத்திரையை மையில் அழுத்தி, முதல் தாளில் குத்தி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ரசீதை ஜன்னல் வழியே நீட்டினார்.

நர்ஸ் ரசீதை இரண்டாக மடித்து, சீருடைப் பையில் பேனாவுக்குப் பின்னால் வைத்தார். இரண்டு மணிக்குப் பணி. படியில் இறங்கும்போது வார்டிலிருந்து போன் வந்தது. "வந்துட்டிருக்கேன், இன்குபேட்டரை மட்டும் சூடு பண்ணி வை" என்று சொல்லிக்கொண்டே என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு வேகமாக நடந்தார்.

நான் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்கப்பா."

"ஓடலையே?"

"ஒரு வரி கூட ஓடல."

"அப்படியா" என்றார். பிறகு, "இங்க ஒரு பையன் வந்து உக்காந்திருக்கான்" என்றார். "டேபிள் முண்டமா போயிடுச்சாம். கட்டக்கா எப்ப வருவாங்கன்னு கேக்கறான். நான் இன்னும் எதுவும் சொல்லல."

"தேநீர் குடுத்து உக்கார வைங்க" என்றேன். "நான் வந்து சொல்றேன்."